கவுன்சிலர் சொன்னால் மனை அப்ரூவ்டு ஆகிவிடாது

தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மனை வாங்கிவிட்டு ஆலோசனைக்கு வருபவர்களின் ஃபைலில் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். கிரயப் பத்திரம், காலிமனை வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, சில ஃபைல்களில் வார்டு கவுன்சிலரின் லெட்டர்பேடில் ஒரு கடிதமும் இருக்கும். நிலத்தை மனைகளாகப் பிரித்ததற்கான லேஅவுட் அனுமதி எண் மட்டும் இருக்காது. கேட்டால், "அதெல்லாம் அண்ணன் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார் சார்."

அந்தக் கவுன்சிலர் அண்ணன் பார்க்க மாட்டார். அவர் நல்லவரா, எந்தக் கட்சி என்ற பேச்சே இதில் வேண்டாம். அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன்படி மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), அதற்கு வெளியே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). சிறிய வீடுகளுக்கும் சிறு உட்பிரிவுகளுக்கும் உள்ளாட்சிக்கு அதிகாரம் பகிர்ந்து தரப்பட்டிருக்கிறது. அங்கேயும் கையெழுத்துப் போடுவது நகரமைப்புப் பிரிவு அதிகாரியும் ஆணையரும்தான். விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினாலும் கவுன்சிலர் கையெழுத்துப் போட ஒரு கட்டம்கூட இருக்காது.

இதைவிடப் பெரிய தலைவலி "பஞ்சாயத்து அப்ரூவல்". இன்றைக்கும் விளம்பரப் பலகையில் இந்த வார்த்தை தொங்குகிறது, படித்தவர்களும் நம்புகிறார்கள். தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்: ஊராட்சித் தலைவர் தாமாக ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி தர முடியாது. முன்பு தலைவர்கள் வரைபடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள், பதிவாளர் அலுவலகமும் பதிவு செய்தது. அதனால் அது அனுமதி ஆகிவிடவில்லை, தடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் பலருக்கு விழிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. 2017 மே மாதம், அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. அந்த அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது பதிவுப் பத்திரம் மூலம் விற்கப்பட்ட மனைப்பிரிவுக்குத்தான் அந்தச் சலுகை. நீர்நிலை, புறம்போக்கு, பொதுச்சாலை, பூங்கா ஒதுக்கீட்டு இடம் எதற்கும் வரன்முறை கிடையாது.

"பதிவே ஆயிடுச்சே?" ஆகும். அந்தத் தேதிக்கு முன் வீட்டுமனை என்று ஒருமுறை பதிவாகியிருந்தால் மறுபடி விற்கச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பத்திரம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதைத்தான் சொல்லும், அங்கே வீடு கட்டலாமா என்பதைச் சொல்லாது. "வரி கட்றோமே?" வரி போடுபவர் இடத்தையும் கட்டடத்தையும் பார்த்துப் போடுகிறார், அனுமதியைப் பார்த்தல்ல. "கரண்ட் கொடுத்துட்டாங்களே?" சிறு குடியிருப்புகளுக்குக் கட்டட நிறைவுச் சான்று கேட்காமலே இணைப்பு கிடைக்கிறது. "ரோடு போட்டாங்களே?" தேர்தல் வருகிற வருடம் எந்த நகருக்குத்தான் ரோடு போடவில்லை? 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தையும் சிலர் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவருக்கு அனுமதியை விரைவாகத் தரும் ஏற்பாடு அது. மனையின் பழைய பாவத்தை அது கழுவாது. பொய்யான விவரம் கொடுத்திருந்தால் மாட்டிக்கொள்வது உறுதிமொழியில் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான்.

கட்சிக்காரருக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது என்றால், புறநகர் வளர்ந்த வேகத்துக்கு நிர்வாகம் ஈடுகொடுக்கவில்லை. தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி 19 தேர்தல்வரை கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். இதற்கு நடுவில் 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டு மாநகராட்சி ஆக்கினார்கள். பத்து அலுவலகங்களின் பழைய கோப்புகள் ஓரிடத்துக்கு வந்தன. இந்த இடைவெளியில் குழாய் உடைந்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் மக்கள் போய் நின்றது கட்சியின் பகுதிச் செயலாளர் வீட்டு வாசலில். அவரும் ஆள் விட்டுச் சரிசெய்து கொடுத்தார். அதை மறுக்கவில்லை. குழாய் போட்டுக் கொடுத்தவர் மனைக்கும் பொறுப்பேற்பார் என்று நம்புவதுதான் தப்பு.

மனைப்பிரிவில் உண்மையான அரசியல் நடப்பது ஓ.எஸ்.ஆர். இடத்தில், அதாவது பூங்காவுக்கென ஒதுக்கும் திறந்தவெளியில். மொத்த இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கென உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். ஐந்து ஏக்கர் என்பது 20,234 சதுர மீட்டர். சாலைக்கு முப்பது சதவீதம் போனால் மீதி சுமார் 14,160, அதில் பத்து சதவீதம் 1,416 சதுர மீட்டர், அதாவது ஆறு கிரவுண்டுக்கு மேல். மெயின் ரோட்டுப் பக்கம் ஆறு கிரவுண்டு என்ன விலை போகும் என்று உங்கள் ஏரியா தரகரிடம் கேட்டுப்பாருங்கள். அந்த இடத்தின் மேல் ஏன் இத்தனை கண் என்று புரிந்துவிடும்.

இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 74 சென்டுக்குள், ஓ.எஸ்.ஆர். விட வேண்டியதில்லை. ஆகவே ஐந்து ஏக்கரை அண்ணன், தம்பி, மச்சான், மாமியார் பெயர்களில் 74 சென்டுக்குள் அடங்கும் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனி உட்பிரிவாக விண்ணப்பிக்கிறார்கள். ஒவ்வொரு காகிதமும் தனியாகப் பார்த்தால் சுத்தம். சேர்த்து வைத்துப் பார்த்தால் நூறு குடும்பம் குடியிருக்கும் ஊரில் குழந்தைகள் விளையாட ஒரு திட்டுகூட இருக்காது, மழைநீர் போக வழியும் இருக்காது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது பக்கத்து முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருடத்துக்குள் ஒட்டியொட்டி வந்த உட்பிரிவுகள், ஒரே விற்பனையாளர், ஒரே நகர் பெயர் என்று கண்டால் பின்வாங்குங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலுள்ள மனைப்பிரிவு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண்ணையும் கேளுங்கள்.

அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல் கையில் கிடைத்தால் வண்ண விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு வரைபடத்தின் ஓரத்தைப் படியுங்கள். சிஎம்டிஏ வரைபடமாக இருந்தால் "பி.பி.டி./எல்.ஓ. எண்" என்று ஓர் எண்ணும் ஆண்டும் இருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: சாலையும் பூங்காவும் இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்ன தேதியில் இன்ன எண் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டன என்று. அந்த எண்ணுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி, அதிலுள்ள சர்வே எண்ணையும் பரப்பையும் களத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். பூங்கா என்று காட்டிய இடத்தில் கட்சிப் படிப்பகமோ கோயிலோ எழும்பியிருந்தால் அந்த நகரின் கதை அங்கேயே தெரிந்துவிடும். "மேலிடத்து அனுமதி இருக்கு" என்று யாராவது சொன்னால், பெங்களூரில் பூங்கா இடத்தை முதலமைச்சரின் உத்தரவின்பேரில் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே உறுதி செய்ததைச் சொல்லுங்கள்.

கவுன்சிலரால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. அவரிடம் கேட்க வேண்டியதைத்தான் யாரும் கேட்பதில்லை. வார்டிலுள்ள ஓ.எஸ்.ஆர். இடங்களின் பட்டியலை மன்றக் கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், சுற்றுச்சுவரும் பெயர்ப்பலகையும் கேளுங்கள். புது ரோடு போடும்முன் பழைய தாரைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் பழைய வீட்டு வாசல் எல்லாம் பள்ளமாகிவிடும், அடுத்த மழைக்குத் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வந்து நிற்கும். இதற்கெல்லாம் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதிசபை இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதிசபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் போங்கள், மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சு தீர்மானப் புத்தகத்தில் ஏறாது.

இன்னொன்று, இதுதான் மிகவும் ஆற்றாமையாக இருக்கிறது. எந்த சர்வே எண் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்பதை முடிவு செய்வது மாஸ்டர் பிளான். சென்னைப் பெருநகருக்கு 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானின் இலக்கு ஆண்டு 2026. அடுத்தது 2046 வரைக்குமானது. வரைவு வெளியாகி ஆட்சேபணை கேட்கும்போது மனைத் தொழிலில் இருப்பவர்கள் தவறாமல் எழுதிக் கொடுக்கிறார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு அந்த நேரத்தில்தான் ஆண்டுவிழா வரும். தனித்தனி சர்வே எண்ணுக்கு நிலப் பயன்பாட்டை மாற்றும்போதும் நாளிதழில் அறிவிப்பு வருகிறது, கெடுவுக்குள் எழுதினால் பதிவில் ஏறும். ஏரித் தண்ணீர் தேங்கும் உள்வாய்க்குப் பக்கத்தில் அடுக்குமாடி எழும்பியபின் கவுன்சிலர் வீட்டு முன் மறியல் செய்வதால் அந்த நிலப் பயன்பாடு மாறப்போவதில்லை. சங்கத்தில் நாளிதழ் அறிவிப்பு பார்க்க ஓர் ஆளையாவது தயவுசெய்து நியமியுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு வேலை வரிசை இதுதான். சர்வே எண்ணை வைத்து சிஎம்டிஏ இணையதளத்தில் நிலப் பயன்பாட்டைப் பாருங்கள். வருவாய்த்துறை இ-சேவைத் தளத்தில் பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), அ-பதிவேடு (நிலம் என்ன வகை என்று காட்டும் பதிவேடு) மூன்றையும் எடுங்கள். அ-பதிவேட்டில் வாய்க்கால், ஏரி, மேய்க்கால், வண்டிப்பாதை என்று எது வந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது வருடத்துக்குப் போடுங்கள். வரைபடத்தைத் தரகரிடம் வாங்கினால் நகல்தான் கிடைக்கும், அதையும் திருத்தியிருக்கலாம். எனவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "எண் இவ்வளவு மனைப்பிரிவின் அனுமதி வரைபடம், தானப் பத்திர எண், வரன்முறை ஆணை இருந்தால் அதன் நகல் தரவும்" என்று கேளுங்கள். "இந்த மனை அப்ரூவ்டா?" என்று கேட்டால் பதில் வராது, அது கருத்துக் கேட்பது. ஆவணம் கேட்டால் முப்பது நாளில் தர வேண்டும். அதற்குள் வேறு பார்ட்டி வந்துவிடும் என்று விற்பவர் அவசரப்படுத்தினால் அந்தப் பார்ட்டிக்கே கொடுக்கச் சொல்லுங்கள், டோக்கன் அட்வான்ஸ்கூட நீட்டாதீர்கள்.