ஏர்போட்டுக்கு எஞ்சின் வாங்குமுன் ப்ரொப்பெல்லரைக் கேளுங்கள்

ஃப்ளோரிடாவில் கிஸ்ஸிமீ அருகே வசிக்கும் வாசகர் ஒருவர், தாம் வாங்கியிருக்கும் பழைய ஏர்போட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 16 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள அலுமினியப் படகு. பின்புறத்தில் 1970-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் 500 கன அங்குல எஞ்சின். அதன் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்ட 72 அங்குல ப்ரொப்பெல்லர். இரண்டு பேர் இருந்தால் சுகமாகப் போகும் படகு, நான்கு பேர் ஏறினால் புல்திட்டுகளில் ஏற மறுக்கிறதாம். 502 குதிரைத்திறன் கொண்ட, ‘பிக் பிளாக்’ எனப்படும் பெரிய வகை ஷெவர்லே எஞ்சினை மாட்டினால் தீருமா என்று கேட்கிறார். எஞ்சினை மட்டும் மாற்றினால் தீராது என்பது என் பதில். ஏன் தீராது என்பதில்தான் சுவையான இயற்பியல் இருக்கிறது.

தட்டையான அடிப்பகுதி கொண்ட படகின் பின்னால், விமானத்துக்கு உரிய ப்ரொப்பெல்லரைக் கூண்டுக்குள் வைத்துக் காற்றைத் தள்ளி ஓட்டுவதே ஏர்போட். 1905-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், விமான எஞ்சின்களைச் சோதிப்பதற்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழு இப்படியொரு மிதவையைச் செய்து பார்த்தது. பின்னர் அது எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் வாகனமாகிவிட்டது. தண்ணீருக்குள் சுழலும் ப்ரொப்பெல்லரைப் புல்லும் சேறும் சுற்றிக்கொள்ளும் இடத்தில் வேறு வழியும் இல்லை.

எல்லாக் கணக்கும் ப்ரொப்பெல்லரின் நுனியில் தொடங்குகிறது. 72 அங்குல ப்ரொப்பெல்லரின் நுனி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 5.74 மீட்டர். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நுனி நொடிக்கு 287 மீட்டர் வேகத்தில் காற்றை வெட்டுகிறது. 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 348 மீட்டர். ஆக நுனி ஏற்கெனவே அதில் 82 சதவீதத்தை எட்டிவிட்டது. ப்ரொப்பெல்லர் இறக்கையின் வளைந்த மேற்பரப்பைக் கடக்கும் காற்று நுனியைவிட வேகமாக ஓடுவதால், நுனி ஒலிவேகத்தை எட்டுவதற்கு வெகு முன்பே அங்கங்கே அதிர்ச்சி அலைகள் தோன்றுகின்றன. எஞ்சின் தரும் திறன் உந்துவிசையாக மாறாமல் இரைச்சலாகவும் வெப்பமாகவும் போகிறது. ஆகவே நுனியின் வேகத்தை ஒலிவேகத்தில் 80, 85 சதவீதத்துக்குள் நிறுத்துவதே அறிவுடைமை. ஷெவர்லே எஞ்சினின் 502 குதிரைத்திறன் 5200 சுற்றில் கிடைப்பது. அதே 72 அங்குல ப்ரொப்பெல்லரை நேரடியாக அந்தச் சுற்றில் சுழற்றினால் நுனி நொடிக்கு 498 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். அது ஒலியைப் போல் 1.4 மடங்கு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ப்ரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை, சுழற்சி வேகத்தின் இரண்டாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வரும் தொகை என்பதால், தேவையான திறன் மூன்றாம் அடுக்கில் வளர்கிறது. சுற்றைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு திறன் போதும்; வெறும் 10 சதவீதம் கூட்டினால் 33 சதவீதம் அதிகத் திறன் வேண்டும். சாலையில் ஓடும் காருக்கு கியர் மாற்றி எஞ்சினைத் தனக்குப் பிடித்த வேகத்தில் வைத்துக்கொள்ளும் சலுகை உண்டு. நேரடி இணைப்புள்ள ஏர்போட்டுக்கு அது கிடையாது. எஞ்சின் தரும் முறுக்குவிசையின் வரைபடத்தையும் ப்ரொப்பெல்லர் கேட்கும் முறுக்குவிசையின் வரைபடத்தையும் ஒரே தாளில் வரைந்தால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் ஒரே ஒரு புள்ளியில்தான் முழுத் த்ராட்டிலில் படகு ஓடும். எஞ்சின் நிறுவனம் விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் உச்சத் திறன் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும் ப்ரொப்பெல்லருக்குக் கவலை இல்லை.

வாசகரின் படகையே எடுத்துக்கொள்வோம். காடிலாக் நிறுவனம் 1970-இல் அந்த எஞ்சினுக்கு அறிவித்த முறுக்குவிசை 3000 சுற்றில் 745 நியூட்டன்-மீட்டர். அதைச் சுற்றோடு பெருக்கிக் கிலோவாட்டாக்கினால் 234. அதாவது 314 குதிரைத்திறன். அதே எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்ட 400 குதிரைத்திறன் 4400 சுற்றில் கிடைப்பது. இந்தப் படகு அந்தப் பக்கமே போவதில்லை. ப்ரொப்பெல்லர் 3000 சுற்றில் சரியாக அந்த 745-ஐக் கேட்கும்படி அமைந்திருக்கிறது என்று கொள்வோம். இப்போது ஷெவர்லே எஞ்சினை மாட்டுகிறோம். அதன் உச்ச முறுக்குவிசை 4200 சுற்றில் 769 நியூட்டன்-மீட்டர். அந்த உச்சத்தை 3000 சுற்றிலேயே தந்துவிடுகிறது என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும், 745-க்கும் 769-க்கும் உள்ள இடைவெளி வெறும் 3 சதவீதம். இரண்டாம் அடுக்கு விதிப்படி சுற்று 3048-க்கு உயரும். அங்கே கிடைக்கும் திறன் 329 குதிரைத்திறன். 502 என்று பொறித்த எஞ்சினை விலை கொடுத்து வாங்கிக் கூடுதலாகப் பெற்றவை 15 குதிரைகள். இரண்டு எஞ்சின்களும் ஏறத்தாழ 8.2 லிட்டர் கொள்ளளவு உடையவை என்பதால் இதில் வியப்படையவும் ஒன்றுமில்லை. குறைந்த சுற்றில் முறுக்குவிசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொள்ளளவுதான். ஆடம்பரக் காரைச் சத்தமின்றி நகர்த்த வடிவமைத்த அந்தச் சோம்பேறி காடிலாக் எஞ்சின் ஏர்போட்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனதும் அதனால்தான். 2700 சுற்றுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும் லைக்கமிங் போன்ற விமான எஞ்சின்கள் அதற்கு முன்பே அந்த இடத்தைப் பிடித்ததற்கும் காரணம் இதுவே.

பிக் பிளாக்கின் மிகுதித் திறன் வேண்டுமென்றால், 5200-இல் சுற்றும் எஞ்சினுக்கும் 2600-இல் சுற்ற வேண்டிய ப்ரொப்பெல்லருக்கும் நடுவே 2-க்கு 1 விகிதக் கியர்பாக்ஸ் வந்தாக வேண்டும். கியர்பாக்ஸ் வந்ததும் இன்னொரு கதவும் திறக்கிறது: மெதுவாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர் பெரிதாக இருக்கலாம். நின்ற இடத்தில் கிடைக்கும் உந்துவிசை, எஞ்சின் திறனையும் ப்ரொப்பெல்லரின் விட்டத்தையும் பெருக்கி வரும் தொகையின் மூன்றில் இரண்டாம் அடுக்குக்கு நேர்விகிதம் என்று உந்தக் கோட்பாடு சொல்கிறது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனமானது. வீட்டுக் கூரையில் மெல்லச் சுற்றும் அகன்ற மின்விசிறி அறை முழுவதும் காற்றைத் தருவதும் இதே கணக்குதான். இந்தச் சூத்திரத்தில் விட்டத்துக்கும் திறனுக்கும் ஒரே மதிப்பு. 72 அங்குலத்திலிருந்து 80 அங்குலத்துக்குப் போனால் விட்டம் 11 சதவீதம் கூடுகிறது. அது எஞ்சின் திறனை 11 சதவீதம் கூட்டியதற்குச் சமம், பெட்ரோல் செலவின்றி. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கூண்டின் அளவு இடம் கொடுத்தால், வாங்க வேண்டிய முதல் பொருள் எஞ்சின் அல்ல.

கணக்கிட்டுப் பார்த்தால், 72 அங்குலமும் 314 குதிரைத்திறனும் உள்ள பழைய அமைப்பின் கோட்பாட்டு உச்ச உந்துவிசை ஏறத்தாழ 710 கிலோ. 80 அங்குலமும் 502 குதிரைத்திறனும் உள்ள புதிய அமைப்பில் அது 1040 கிலோ. உண்மையான இறக்கைகளில் இரண்டும் கணிசமாகக் குறையும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. 46 சதவீத உயர்வு என்பது, நான்கு பேரோடு புல்திட்டில் சிக்கி நிற்பதற்கும் ஏறிப் போவதற்கும் உள்ள வேறுபாடாக இருக்கக்கூடும்.

இந்த உந்தக் கோட்பாட்டின் அடிப்படையை கிளாஸ்கோ பேராசிரியர் ராங்கின் 1865-இல் கப்பல்களுக்காக எழுதினார். 1915-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அரசின் வானூர்தி ஆலோசனைக் குழுவின் பணத்தில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் டுராண்டும் லெஸ்லியும் பல்லாண்டுகள் ப்ரொப்பெல்லர் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் ஒவ்வொன்றாக அளந்து அட்டவணையிட்டார்கள். விட்டம், இறக்கைக் கோணம், அகலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றி அளக்கும் அலுப்பூட்டும் வேலை அது. எந்தத் தனியார் நிறுவனமும் தன் லாபத்துக்காகச் செய்திருக்காது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டு ஆராய்ச்சி நிதியைக் குறைப்பவர்கள், அந்த அட்டவணைகள் யார் யாருக்கெல்லாம் உதவியிருக்கின்றன என்று ஒருமுறை பார்க்கலாம்.

கியர்பாக்ஸ் இலவசமாக வருவதில்லை. சுற்றைப் பாதியாக்கும்போது அது முறுக்குவிசையை இரட்டிப்பாக்குகிறது. ப்ரொப்பெல்லர் தண்டில் 1375 நியூட்டன்-மீட்டர் வருகிறது. ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுழல, படகு எதிர்ப் பக்கம் சாய முயலும். படகின் நடுக்கோட்டிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, அதாவது ஓர விளிம்பில், ஏறத்தாழ 117 கிலோ எடையை வைத்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. இதில் ஒரு நுட்பமான பொறி வேறு உண்டு: இரண்டு பற்சக்கரங்கள் மட்டும் உள்ள கியர்பாக்ஸ் சுழலும் திசையையே மாற்றிவிடும். எதிர்த்திசையில் சுழல்வதற்கென்று வார்த்த இறக்கைகள் தேவைப்படுவதோடு, இதுவரை வலப்பக்கம் சாய்ந்த படகு இனி இடப்பக்கம் சாயும். முந்தைய உரிமையாளர் சாய்வைச் சரிக்கட்ட எரிபொருள் தொட்டியையோ பேட்டரியையோ ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தால், அந்த ஏற்பாடு இப்போது பகையாகிவிடும். பற்சக்கரங்களுக்குப் பதிலாகப் பெல்ட்டால் இணைத்தால் திசை மாறாது.

எடையையும் பார்க்க வேண்டும். முழுதும் வார்ப்பிரும்பாலான ஷெவர்லே பிக் பிளாக் 300 கிலோவை ஒட்டி வரும். சிலிண்டர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஷெவர்லேயின் சிறிய வகையான ஸ்மால் பிளாக்கில் 4.4 அங்குலம் என்றால் இதில் 4.84 அங்குலம், அந்தக் கூடுதல் இடைவெளியில்தான் பெரிய பிஸ்டன்களும் கூடவே அத்தனை இரும்பும் வந்து அமர்கின்றன. கியர்பாக்ஸையும் பெரிய ரேடியேட்டரையும் சேர்த்து வாசகரின் படகில் 100 கிலோ கூடுவதாக வைத்துக்கொண்டால், அந்த அளவுப் படகு சராசரியாக 8 அல்லது 9 மில்லிமீட்டர்தான் கூடுதலாக அமிழும். ஆனால் எடை முழுவதும் பின்புறத்தில் இருப்பதால் பின்முனை ஏறத்தாழ ஓர் அங்குலம் இறங்கிவிடும். அரையடித் தண்ணீரில் ஓடும் படகுக்கு ஓர் அங்குலம் சிறிதல்ல; உயரத்தில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் கனக்கக் கனக்க, வேகமாகத் திருப்பும்போது கவிழும் ஆபத்தும் கூடும்.

அதனால்தான் ஷெவர்லேயின் 6.2 லிட்டர் எல்எஸ்3 போன்ற அலுமினிய எஞ்சின்கள் இந்தத் தொழிலில் பெருகிவிட்டன. 5900 சுற்றில் 430 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 200 கிலோ. 2.3-க்கு 1 கியர்பாக்ஸோடு அதே 80 அங்குல ப்ரொப்பெல்லரைச் சுழற்றினால், பிக் பிளாக்கைவிடக் கோட்பாட்டளவில் 100 கிலோ உந்துவிசை குறையும். தூக்கிச் செல்ல வேண்டிய எடையிலும் 100 கிலோ குறையும். இலேசான ஆட்களோடு நீர்ப்பரப்பில் சுற்றுபவருக்கு நான் எல்எஸ்3-ஐத்தான் சொல்வேன். நான்கு பேரோடு உலர்ந்த புல்லில் ஏற வேண்டிய இந்த வாசகருக்குப் பிக் பிளாக்கை மறுக்க மாட்டேன். அலுமினிய சிலிண்டர் ஹெட்டுகளோடு வாங்கச் சொல்வேன்.

சத்தம் அதிகமானால் பலமும் அதிகம் என்ற மூடநம்பிக்கை ஏர்போட் உலகிலும் வேரூன்றியிருக்கிறது. சத்தத்தின் பெரும்பகுதி நுனி வேகத்திலிருந்து வருவது. அது வீணாகும் திறனின் அறிவிப்பு. சைலன்சரைக் கழற்றினால் வேகம் கூடும் என்று நம்புபவர்கள், 2600 சுற்றில் அகன்ற இறக்கைகளைச் சுழற்றும் படகின் அருகில் ஒருமுறை நின்று பார்க்கலாம். ஃப்ளோரிடாவில் சைலன்சர் சட்டப்படியும் கட்டாயம்.

எல்லாம் பொருத்திய பின் செய்ய வேண்டிய வேலை இறக்கைக் கோணத்தை அமைப்பது. நவீன கார்பன் ஃபைபர் ப்ரொப்பெல்லர்களின் மையக் குமிழைத் தளர்த்தி ஒவ்வோர் இறக்கையையும் திருப்பிக்கொள்ளலாம். படகை உறுதியாகக் கட்டிவைத்து, பின்னால் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, முழுத் த்ராட்டில் கொடுத்துச் சுற்றைப் படிக்க வேண்டும். எஞ்சின் 4700-க்கு மேல் ஏறவில்லை என்றால் கோணம் அதிகம். 5200-ஐத் தாண்டி ஓடினால் கோணம் போதாது. இந்தச் சோதனையைக் குளிர்ந்த ஜனவரிக் காலையில் செய்தாலும் வேகும் ஆகஸ்ட் மதியத்தில் செய்தாலும் ஊசி ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கும். காற்று அடர்ந்தால் எஞ்சினின் முறுக்குவிசை கூடும். ப்ரொப்பெல்லர் கேட்கும் முறுக்குவிசையும் அதே விகிதத்தில் கூடும். மாறுவது உந்துவிசை மட்டுமே: 8 டிகிரியில் கிடைப்பதைவிட 28 டிகிரியில் அது ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. ஆகவே கோணத்தை எந்த நாளிலும் அமைத்துக்கொள்ளலாம். நான்கு பேரோடு புல்திட்டில் ஏறுகிறதா என்பதை மட்டும் ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளவும்.