பம்பின் ஸ்குரூவைத் திருகும் முன்

"அண்ணே, லோரி இழுக்க மாட்டேங்குது. பம்பைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க."

மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில் டீசல் பம்பு பட்டறை வைத்திருக்கிற எனக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது இந்தப் பேச்சு காதில் விழும். ஏற்றுவது என்றால், பம்பு எஞ்சினுக்குத் தரும் டீசல் அளவைத் திருகிக் கூட்டுவது. வருகிறவர்கள் பெரும்பாலும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் குலையை ஏற்றி, ஆலையில் வரிசை பிடித்து நின்று, இறக்கிவிட்டு மறுபடியும் தோட்டத்துக்குள் நுழைய வேண்டும். ஒரு நடை கூடினால் அன்றைக்குக் கையில் காசு கூடும். மேட்டில் மூச்சு வாங்கும் லோரி அவர்கள் பொழுதைத் தின்றுவிடுகிறது. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். என் அப்பாவும் லோரி ஓட்டியவர்தான்.

அதனால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லி நான் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. முதலில் உட்காரச் சொல்லி, மேசைமேல் இருக்கும் ஒரு பிஸ்டனை எடுத்துக் கையில் கொடுப்பேன்.

டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி இல்லாத, நான்கு சிலிண்டர் இசுசு எஞ்சினின் மூன்றாவது பிஸ்டன் அது. தலைப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி அலுமினியம் மெழுகு உருகி உறைந்த மாதிரி வழிந்து நிற்கும். அந்த லோரிக்காரர் எங்கோ சாலையோரத்தில் ஒருவரிடம் பம்பை 'ஏற்றி' வாங்கியிருந்தார். முதல் பத்து நாள் லோரி நன்றாக இழுத்ததாம். கறுப்புப் புகை வந்தது, அதைச் சக்தி என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் குலையோடு மேட்டில் நின்றுபோனது.

பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டினேன். இந்தப் பெஞ்சு என்பது பம்பை மோட்டாரால் சுற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் எண்ணெயைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அளக்கும் கருவி. ஆயிரம் அடிக்கு முதல் குழாயில் 62 சி.சி., இரண்டாவதில் 61, நான்காவதில் 60. மூன்றாவதில் மட்டும் 78. பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தால் விஷயம் தெரிந்தது. டீசல் அளவைக் கூட்டிக் குறைக்க முன்னும் பின்னும் நகரும் தண்டுதான் ரேக்; அதன் அசைவை டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்குக் கடத்தும் பல் வளையத்தின் ஸ்குரூவை யாரோ தளர்த்தி, கண் மதிப்பில் நகர்த்தி, மறுபடியும் இறுக்கியிருந்தார்கள். மூன்று சிலிண்டர் ஒரு கணக்கில் எரிய, ஒன்று மட்டும் கால் பங்குக்கு மேல் கூடுதல் டீசலைக் குடித்து வெந்துபோயிருக்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் செய்யும் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கிவிடும்.

பம்புக்குள் நடப்பதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் அதை ஸ்பானரும் கையுமாக அணுக மாட்டார்கள். பிளஞ்சர் என்பது பென்சில் கனத்தில் ஓர் எஃகுக் கம்பி. அது தன் உறைக்குள் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டிலிருந்து நான்கு மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். சுத்தமான டீசலில் நனைத்து உறையின் வாயில் வைத்தால், பிளஞ்சர் தன் எடையிலேயே மெல்ல வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். நடுவில் ஒரு நொடி தயங்கி நின்றாலும் அதை நான் மாட்ட மாட்டேன். உறையின் மேல்வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிளஞ்சரைக் கீழே இழுத்தால், உள்ளே காற்றில்லாத இழுவை விரலைக் கவ்வும். அந்தக் கவ்வலை உணர எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. எஞ்சின் 2,400 சுற்றில் ஓடும்போது பம்பு அதில் பாதி, 1,200 சுற்று. அப்படியென்றால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு நோசலும் விநாடிக்கு இருபது முறை பீய்ச்சுகிறது. ஒவ்வொரு பீய்ச்சலும் விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம்கூட இருக்காது.

இத்தனை நுணுக்கமாக அளந்து கொடுக்கிற பம்பால் ஒன்று மட்டும் முடியாது. அது காற்றைத் தராது. எல்லாத் தப்பும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். உண்மையில் அதற்கும் மேலே வேண்டும், ஏனென்றால் அந்தக் கொஞ்ச நேரத்தில் டீசலும் காற்றும் சரியாகக் கலப்பதில்லை. டர்போ இல்லாத எஞ்சின் தன் கொள்ளளவுக்கு மேல் காற்றை இழுக்காது. கம்பெனி வைத்த அளவு, அந்தக் காற்றுக்கு எவ்வளவு டீசல் புகையில்லாமல் எரியுமோ அதையொட்டித்தான் இருக்கும். அதற்கு மேலே திருகினால் ஆரம்பத்தில் கொஞ்சம் இழுவை கூடும். மிச்சமெல்லாம் கரியாகி வெளியே போகும், இல்லையென்றால் சூடாகி உள்ளேயே தங்கும்.

இழுவை இல்லை என்று வருகிற லோரியில் நான் முதலில் திறப்பது காற்று ஃபில்டர் டப்பாவைத்தான். தோட்டச் சாலையில் ஒரு லோரியின் பின்னால் இன்னொரு லோரி போனால், பின்னால் வருவது முழுக்கச் செம்மண் புழுதியைத்தான் குடிக்கிறது. ஃபில்டரை எடுத்து டயரில் இரண்டு தட்டுத் தட்டி மறுபடியும் மாட்டுவது பலருக்கும் பழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தட்டும்போது தாள் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும், அதன் வழியே போகும் மண் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும். அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியதும் "பம்பு வேலை வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறைய.

அடுத்தது டீசல் வரும் வழி. தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பு வாயில் ஒரு சின்ன வலை உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பல ஓட்டுநர்களுக்குத் தெரியாது. நம் நாட்டில் 2019 முதல் வண்டிகளுக்கு வரும் டீசலில் பத்து விழுக்காடு செம்பனையிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. நாம் ஏற்றுகிற குலைதான் சுற்றிச் சுற்றி நம் தொட்டிக்கே வருகிறது. அது நல்ல எண்ணெய்தான், பிளஞ்சருக்கு வழவழப்பும் தரும். ஆனால் தண்ணீரை அதிகம் பிடித்துவைக்கும். பழைய தொட்டியின் அடியில் வருடக்கணக்கில் படிந்த கசடையும் கரைத்துக் கிளப்பிவிடும். அதனால் பழைய லோரிகளில் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றுங்கள், அடியில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள். அதன் பிறகு நோசல், வால்வு இடைவெளி, டீசல் பீய்ச்சும் நேரமான டைமிங், சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவான கம்ப்ரஷன். டர்போ இருந்தால் அதன் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, டர்போ காற்றழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்ட பம்பின் மேல் உள்ள பூஸ்ட் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்றும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பேன். இவ்வளவுக்கும் பிறகு பம்பு மேல் குறை மிஞ்சுவது குறைவு. மிஞ்சினால் அதுவும் தேய்மானமாகத்தான் இருக்கும். அதைப் பெஞ்சில் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாலே போதும்.

நோசலைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சோதிக்கும்போது நோசல் வாயில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் இருக்கும், அதற்கு எதிரே கையை நீட்டாதீர்கள். சில பையன்கள் தெளிப்பு எப்படி வருகிறது என்று உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கிறார்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதல் ஒரு மணி நேரம் வலிகூடப் பெரிதாக இருக்காது. அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அந்தப் புள்ளியைப் பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தோடு டீசல் உள்ளே போய்விட்டது என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

இன்னொன்று கவர்னர். பம்பின் பின்பக்கம் எடைகளும் ஸ்பிரிங்கும் சேர்ந்து, எஞ்சின் ஒரு வேகத்துக்கு மேல் போகாமல் ரேக்கைப் பின்னால் இழுக்கும். அந்த உச்ச வேக ஸ்குரூவுக்குத்தான் கம்பியும் ஈயமுத்திரையும் போட்டிருக்கும். ஒரு முறை, மூன்று மாதம் சும்மா நின்ற லோரி ஒன்று என் முற்றத்துக்கு வந்தது. பம்பை முன்பே யாரோ திறந்திருந்தார்கள், உள்ளே தண்ணீர் போய் ரேக் துருப்பிடித்திருக்கிறது. நான் திறந்து பார்க்காமல் விட்டது என் தப்பு. என்னிடம் வேலை பழகும் தம்பி சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது, பிடித்த வேகத்திலேயே ஏறத் தொடங்கியது. முழு டீசல் தரும் இடத்தில் ரேக் அப்படியே மாட்டிக்கொண்டுவிட்டது. சாவியை அணைத்தான், நிற்கவில்லை. பழைய டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது, ரேக் நகர்ந்தால்தான் டீசல் நிற்கும். சத்தம் ஊளையாக மாறி, முற்றத்தில் இருந்த தகரமெல்லாம் அதிர்ந்தது. காற்றுக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையில் அகப்பட்ட பலகையை, எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டின் வாயில் வைத்து அழுத்தினேன். எஞ்சின் பலகையைக் கவ்வி இழுத்தது. நாலைந்து நொடியில் திணறி நின்றது. தம்பி இருக்கையை விட்டு இறங்காமல் அழுதுகொண்டிருந்தான். பையனுக்குப் பத்தொன்பது வயது.

அன்று முதல் என் பட்டறையில் பம்பில் கை வைத்த எந்த எஞ்சினையும், ரேக் கையால் தள்ளினால் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்காமல் முடுக்குவதில்லை. முடுக்கும்போது ஒருவர் பலகையோடு காற்று வாயருகில் நிற்பார். பலகைக்குப் பதில் கையை வைத்து மூடக் கூடாது, துணியையும் உள்ளே இழுத்துவிடும். உங்கள் மெக்கானிக்கிடம் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சலுகை அட்டை கிடைத்த சரக்கு லோரிகள் பழைய விலையிலேயே போட்டுக்கொண்டன, கிடைக்காதவர்கள் திணறினார்கள். எந்த விலையில் வாங்கினாலும் சரி, புகையாகப் போகிற டீசல் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. அதோடு புகைக்குச் சட்டமும் இருக்கிறது. டீசல் எஞ்சின் புகை பற்றிய 1996-ஆம் ஆண்டு விதிகளின்படி புகையின் கறுப்பை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் புகையளவு 50-ஐத் தாண்டக் கூடாது. சாலையில் நிறுத்தி அளந்தாலும், ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோனாலும் ஏற்றிய பம்பு மாட்டிக்கொள்ளும். பரிசோதனைக்கு முதல் நாள் இறக்கி, மறுநாள் ஏற்றித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் செய்வதில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டச் சாலை ஓரத்திலேயே இருக்கின்றன. காலை ஏழு மணிக்குக் கேட்டருகே நிற்கிற பிள்ளைகள் அந்தப் புகையைத்தான் மூச்சோடு இழுக்கிறார்கள்.

பிரேக்கையும் சொல்ல வேண்டும். பம்பை ஏற்றியதும் மேட்டில் இழுக்கிறது என்று அரை டன், ஒரு டன் கூடுதலாக ஏற்றத் தோன்றும். ஏறும்போது பம்பு உதவலாம், இறங்கும்போது பிடித்து நிறுத்தப்போவது அதே பழைய பிரேக்தான். இங்கிருந்து நேர் சாலையில் இருக்கும் தெலுக் இந்தானில், 2025 மே 13-இல் கல் லோரியோடு நேர்ந்த மோதலில் கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு எந்த லோரியாக இருந்தாலும் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்க்காமல் பம்பில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, பம்பை ஏற்றவே கூடாதா? டர்போவும், அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இருந்து, காற்று மிச்சமுள்ள எஞ்சினில் அளவோடு ஏற்றலாம். நான் செய்திருக்கிறேன். ஆனால் முதலில் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்டில் வெப்பமானி மாட்டச் சொல்வேன். பாரத்தோடு நீண்ட மேட்டில் முள் 700 டிகிரியைத் தொட்டால் ஏற்றியது அதிகம். ஏற்றுவது பெஞ்சில்தான், எல்லாக் குழாயிலும் ஒரே அளவு கூடுகிறதா என்று பார்த்துத்தான். உச்ச வேக முத்திரையைத் தொட மாட்டேன். டீசலைக் கணினியே அளந்து விடும் புதிய காமன்ரெயில் லோரிகளில் திருக ஸ்குரூ இல்லை, அதற்குப் பதில் மின்னணுப் பெட்டி மாட்டுகிறார்கள், புரோகிராம் மாற்றுகிறார்கள். காற்றுக் கணக்கு அங்கேயும் இதேதான்.

பழைய லோரி வாங்கப் போகிறவர்கள் பம்பை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈயமுத்திரை அறுந்திருக்கிறதா, அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் ஃபுல் லோட் ஸ்குரூவின் நட்டில் பெயிண்ட் உரிந்து புதிய ஸ்பானர் தழும்பு தெரிகிறதா, பக்கவாட்டு மூடியில் சிலிகோன் பூசி ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் விலை பேசுவதற்கு முன் அந்தப் பம்பைப் பெஞ்சில் ஏற்றி அளந்து காட்டச் சொல்லுங்கள். நான்கு கண்ணாடிக் குழாயையும் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.