மணிமுகட்டுக்கு விறகு எங்கிருந்து வரும்?

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எனக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்தெடுத்து, வண்ணப் பென்சிலால் வரைந்த கற்பனை நாடு அது. நாட்டின் பெயர் ஏழ்மலை. தலைநகரின் பெயர் மணிமுகடு. ராயக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்பதால் தலைநகரை ஒரு பாறைக் குன்றின் உச்சியில் வைத்திருக்கிறார். ஏழு சுற்று மதில், தென்மேற்கு மூலையில் அரண்மனை, அகழியின்மேல் தூக்குப் பாலத்துடன் ஒரே ஒரு வாயில், உள்ளே ஐந்து லட்சம் மக்கள். குன்றைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்; காடு மட்டும் தாளின் நான்கு ஓரங்களிலும் பச்சைக் கோடாக ஒதுங்கி நிற்கிறது. எந்திரம் கிடையாது, மாயமந்திரமும் சரக்கு ஏற்ற உதவாது என்பவை அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட நிபந்தனைகள். "இப்படி ஒரு நகரம் நிஜத்தில் தாங்குமா, ஐயா?" என்று கேட்டிருந்தார்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாறைக் குன்றின்மேல் சுனைகள் ஒரு காவற்படைக்குப் போதும், ஐந்து லட்சம் பேருக்குப் போதா என்பதை நம் மாவட்டக் கோட்டைகளில் ஏறி இறங்கிய எவரும் அறிவர். வாசற்படி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் வாஸ்து, அந்த வாசலுக்குள் நாள்தோறும் எத்தனை மூட்டை நுழைய வேண்டும் என்று சொல்வதில்லை; ஆகவே தென்மேற்கு மூலையை அப்படியே விட்டுவிட்டு மூட்டைகளைப் பார்ப்போம்.

ஒரு நகரம் தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்வதில்லை. எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும், மணிமுகட்டில் அது மாட்டு வண்டியில்தான் வர வேண்டும். லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் வேகத்தில் மட்டுமே வேறுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். லாரி தான் சுமக்கும் அரிசியைத் தின்பதில்லை, மாடு தின்னும். என் பெரியப்பா காரிமங்கலம் சந்தைக்கு வண்டி கட்டிய காலத்தில், வண்டிக்கு அடியில் அச்சை ஒட்டி ஒரு சாக்குத் தூளி தொங்கும். அதில் சோளத்தட்டு திணித்திருக்கும். போகும் வழியில் அந்தத் தூளி மெல்ல மெல்லத் தளர்வதை நான் பின்பலகையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே போவேன். பயணத்தின் தூரத்தை அந்தத் தூளியை வைத்தே அளந்துவிடலாம்.

இதைக் கணக்காக்கிப் பார்ப்போம். ஒரு பார வண்டி 1,000 கிலோ கேழ்வரகு ஏற்றுகிறது, நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாடுகளுக்குத் தீவனமும் வைக்கோலும், வண்டிக்காரரின் சாப்பாடும் கூலியும், அச்சுக்கு மசகும் எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 12 கிலோ கேழ்வரகின் விலைக்குச் சமம் என்று கொள்வோம். மாடு திரும்பியும் வர வேண்டும், வெறும் வண்டியை இழுக்கும் மாடும் தின்னத்தான் செய்யும் என்பதால் ஒவ்வொரு நாள் தூரத்துக்கும் இரண்டு நாள் செலவு ஆகும். 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் வண்டி 120 கிலோவை வழியிலேயே செலவழித்துவிடும். 400 கிலோமீட்டர் என்றால் 480 கிலோ, அதாவது ஏறத்தாழப் பாதி. 830 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி புறப்படுவதே வீண். கிளம்பிய கேழ்வரகு முழுவதும் மாட்டின் வயிற்றுக்கும் வண்டிக்காரரின் மடிக்கும் போய்விடும். உழவருக்கு உழவுச்செலவே விலையில் பாதி ஆகிறது என்றால் 400 கிலோமீட்டருக்கு அப்பால் நகரத்துக்காகக் கேழ்வரகு விதைப்பதில் பொருளில்லை. அங்கே மண் எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதே கணக்கை விறகுக்குப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விறகின் விலை, எடைக்கு எடை, கேழ்வரகின் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். 1,000 கிலோ விறகு ஏற்றிய வண்டியின் மொத்த மதிப்பு 100 கிலோ கேழ்வரகுதான். மாட்டுக்கு அது விறகு என்று தெரியாது. அதே 12 கிலோவைத்தான் கேட்கும். 80 கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்குள் 96 கிலோ கரைந்துவிடும். காடு இலவசமாகக் கிடைத்தாலும், வெட்டுகூலியே இல்லாவிட்டாலும், 83 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மரம் நகரத்து அடுப்பை எட்டாது. ஆனால் விறகு இல்லாமல் சோறு வேகாது, ஆகையால் நகரம் அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். விளைவு என்னவென்றால், நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விலைமதிப்புள்ள நிலத்தில் தானியத்தைத் தள்ளிவிட்டுக் காடு வந்து உட்கார்ந்துகொள்ளும். தானியம் எங்கோ தொலைவிலிருந்து வரத் தாங்கும், விறகு தாங்காது. நம் மாணவி காட்டைத் தாளின் ஓரத்துக்கு ஒதுக்கியிருக்கிறார், நானும் அந்த வயதில் அப்படித்தான் வரைந்திருப்பேன். மாட்டின் வயிறோ அந்தக் காட்டை இழுத்துவந்து மதிலுக்குப் பக்கத்தில் நட்டுவிடுகிறது.

இந்தக் கணக்கை முதலில் முழுமையாகப் போட்டவரும் ஒரு கற்பனைத் தலைநகரை வைத்தே போட்டார் என்பது இந்த மாணவிக்கு மகிழ்ச்சி தரும். ஜெர்மனியின் வடக்கே மெக்லென்பர்க் பகுதியில் டெல்லோ என்னும் பண்ணையை 1810-ல் வாங்கி, அதன் வரவு செலவைப் பல ஆண்டுகள் கால்காசு விடாமல் எழுதிவைத்தவர் யோஹான் ஹைன்ரிஹ் ஃபான் ட்யூனன். அவர் 1826-ல் வெளியிட்ட நூலில், ஆறில்லாத, மலையில்லாத, எங்கும் ஒரே வளமுள்ள ஒரு சமவெளியையும் அதன் நடுவில் ஒரேயொரு பெருநகரத்தையும் படைத்தார். அண்டை நாடு கிடையாது. சமவெளியின் ஓரத்தில் பாழ்நிலம். உலகத்தை இப்படித் துடைத்து வைத்துவிட்டு, பண்ணைக் கணக்கில் இருந்த தீவனச் செலவை மட்டும் உள்ளே விட்டார். சமவெளி வட்டம் வட்டமாகப் பிரிந்தது. முதல் வட்டத்தில் பாலும் காய்கறியும், இரண்டாம் வட்டத்தில் காடு, அதற்கப்பால் மூன்று வட்டங்களில் தானியம், அவையும் நகரத்தை விட்டு விலக விலகச் செலவும் உழைப்பும் குறைந்த சாகுபடி முறைகளில். கடைசி வட்டத்தில் கால்நடை. அவருடைய குதிரை வண்டியில் ஏற்றிய தானியம் முழுவதும் வழிச்செலவுக்கே போய்விடும் எல்லை ஏறத்தாழ 50 ஜெர்மானிய மைல், அதாவது சுமார் 375 கிலோமீட்டர் என்று வந்தது.

முதல் வட்டத்துக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. கீரையும் பாலும் கொண்டுவரும் வண்டி வெறுமனே திரும்புவதில்லை. நகரத்துத் தொழுவங்களின் எருவை ஏற்றிக்கொண்டு போகிறது. எருவும் விறகைப் போலத்தான், எடை அதிகம், விலை குறைவு, நெடுந்தூரம் போகாது. அதனால் நகரத்தைச் சுற்றியுள்ள ஒரு குறுகிய வளையத்தில் மண் ஆண்டுக்கு ஆண்டு கொழுக்கிறது. பாலுக்கு மட்டும் தீவனத்தைவிடக் கடிகாரமே எதிரி: மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கும் வண்டியில் விடியுமுன் கறந்த பால் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் நகரத்தை அடையாவிட்டால் வெயிலில் திரிந்துவிடும். தொலைவில் மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்? பாலைக் காய்ச்சி, உறைகுத்தி, கடைந்து, உருக்கி நெய்யாக்குவார். குடம் குடமான பால் ஒரு தூக்கு நெய்யாகச் சுருங்கியதும் எடைக்கு எடை விலை ஏறி, பயணச் செலவைத் தாங்கும் வலு வந்துவிடுகிறது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் மாந்தோப்புகளை ஒட்டியே இருப்பதும், நம் பக்கத்துப் புளியைக் கொட்டையும் நாரும் நீக்கியே வெளியூருக்கு ஏற்றுவதும் இதே காரணத்தால்தான். கொட்டைக்கு எதற்கு வண்டி வாடகை? கால்நடைக்கு அந்த வாடகையும் வேண்டாம், தன் சரக்கைத் தானே சுமந்துகொண்டு, வழியில் மேய்ந்துகொண்டு வரும். போச்சம்பள்ளிச் சந்தைக்கு லாரி வருமுன் ஆடு மாடுகள் அப்படித்தான் வந்தன.

உப்பு மட்டும் ஏன் கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே வந்தது என்று கேட்கலாம். கேழ்வரகுக்கு அருகில் விளையும் கேழ்வரகு போட்டியாக இருக்கிறது. உப்புக்கு உள்நாட்டில் அப்படிப் போட்டி குறைவு, ஆகவே மாடு தின்றது அத்தனையும் உப்பின் விலைமேல் ஏறிவிடும், வாங்குபவர் கொடுத்தே தீர வேண்டும். தருமபுரி தகடூர் என்ற பெயரில் அதியமான்களின் தலைநகராக இருந்தது. அவர்களில் ஒருவனான அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், மேடு பள்ளத்தில் வண்டிக்கு என்ன நேருமோ என்று அஞ்சி உப்பு வணிகரான உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் கட்டிவைக்கும் சேம அச்சுக்கு, அதாவது மாற்று அச்சுக்கு, அவனை ஒப்பிடுகிறார். பெரியப்பாவின் வண்டியில் தட்டுத் தூளி தொங்கிய அதே இடம்.

இந்தக் கணக்கை ஏமாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தீவனத்தைச் சுமக்காமல் வழியோரப் புல்லையே மேயவிட்டுப் போவது. வடஇந்தியாவில் பஞ்சாராக்கள் பொதிமாடுகளில் தானியம் ஏற்றி அப்படித்தான் போனார்கள். 1632-ல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி 14,000 பொதிமாடுகள் கொண்ட ஒரு கூட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்களுடைய உறவினரான லம்பாடி மக்கள் இன்றும் நம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். மேய்ந்துகொண்டே போகும் மாடு மெதுவாகப் போகும், மழை பொய்த்தால் போகவே போகாது. பஞ்ச காலத்தில் தானியம் மிக அவசரமாக வேண்டியிருக்கும்போதுதான் புல்லும் இல்லாமல் போகும். மற்றொரு வழி நீர்வழி. படகு புல் தின்பதில்லை. ட்யூனனே பிறகு தம் சமவெளியில் ஓர் ஆற்றை ஓடவிட்டுப் பார்த்தார்; வட்டங்கள் ஆற்றின் போக்கில் நீண்டுவிட்டன. பழைய ரோம் நகரம் எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் தானியம் வரவழைத்ததால்தான் அவ்வளவு பெருக்க முடிந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டலாம், மூட்டை ஏற்றிய படகை ஓட்ட முடியாது.

இவ்வளவும் சமவெளிக்கு. மணிமுகடு குன்றின்மேல் இருக்கிறது. 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், வண்டியும் பாரமுமாக 1,300 கிலோவை இழுக்க, பாதை எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும், சரிவுக்காக மட்டும் கூடுதலாக 65 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். ஒரு மாடு நாள் முழுவதும் நீடித்து இழுக்கக்கூடியது அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ எடையுள்ள ஆலம்பாடி மாடுகள் ஒரு ஜோடி என்றால் மொத்தம் 80 கிலோ. சக்கரம் மண்ணில் உருள்வதற்கு வேண்டிய இழுப்பு மீதி 15 கிலோவுக்குள் அடங்காது. பாதிப் பாரத்தை அடிவாரத்தில் இறக்கியாக வேண்டும். கிருஷ்ணகிரியில் கோட்டை மலைமேலும் பழையபேட்டை மலையடியிலும் இருப்பதைப் பார்த்தவருக்கு இதைச் சொல்ல இயற்பியல் பாடம் தேவையில்லை.

இடையில் ஒரு மனக்குறை. வண்டிக்காரர்களின் பழைய கணக்கு நோட்டுகளும் மண்டிக் கடைகளின் பேரேடுகளும் நம் ஊர்ப் பரண்களில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரட்டி ஆராய ஓர் ஆய்வு மாணவருக்கு ஆகும் செலவு, ஆய்வகத்தில் ஒரு கருவியின் பழுதுச் செலவுகூட இராது. இருந்தும் இத்தகைய ஆய்வுக்குப் பணம் கேட்டால், "இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். ட்யூனனிடமும் இருந்தது ஒரு பண்ணைப் பேரேடுதான்.

இனி மாணவியின் வாயிலுக்கு வருவோம். ஐந்து லட்சம் பேருக்கு ஆளுக்கு அரைக் கிலோ தானியம் என்றால் நாளுக்கு 250 வண்டி. ஆளுக்கு ஒரு கிலோ விறகு என்றால் 500 வண்டி. இந்த 750 வண்டிகளின் மாடுகள் இரவு தங்கினால் மாட்டுக்குப் பத்துக் கிலோ வைக்கோல் வேண்டும். வைக்கோல் இடத்தை அடைப்பதால் வண்டிக்கு 400 கிலோதான் ஏறும்; ஆக, மேலும் 38 வண்டி. அந்த வண்டிகளை இழுத்துவந்த மாடுகளுக்கும் வைக்கோல் வேண்டும், அதற்கு மேலும் இரண்டு வண்டி. இப்படி ஒவ்வொரு முறையும் முந்தைய எண்ணிக்கையில் இருபதில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போகும்; பொது விகிதம் இருபதில் ஒன்று. பெருக்குத் தொடரை முடிவிலி வரை கூட்டினால் ஏறத்தாழ 790. இவை உள்ளே நுழைந்து வெளியேறவும் வேண்டும். பன்னிரண்டு மணிநேரப் பகலில், ஒரே வாயிலில், தூக்குப் பாலத்தின்மேல், 27 நொடிக்கு ஒரு வண்டி. பாலும் கீரையும் உப்பும் இன்னும் கணக்கில் சேரவில்லை. வரைபடத்தைத் திருப்பி அனுப்பும்போது பாலத்தின்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்: நடுப்பாலத்தில் ஒரு வண்டிக்கு அச்சு முறிந்தால்?