தோட்டத்து அருவிக்கு இரவில்தான் வேலை

வீட்டுத் தோட்டத்தில் சின்னக் குளமும் அருவியும் அமைக்கிறவர்கள் பலர், படுக்கப் போகும்போது பம்பை அணைத்துவிடுகிறார்கள். பார்க்க ஆளில்லாத நேரத்தில் எதற்கு ஓட வேண்டும் என்ற கணக்கு. குளத்தில் மீன் இருந்தால் அந்தக் கணக்கு தப்பு. அருவி மிகவும் தேவைப்படுவது இரவில்தான்.

பகலில் நீர்ச்செடிகளும் பாசியும் ஒளிச்சேர்க்கை செய்து நீருக்குள் ஆக்சிஜனை விடுகின்றன. வெளிச்சம் போனதும் அது நின்றுவிடும். சுவாசம் மட்டும் நிற்காது. செடி, பாசி, மீன், அடியில் மட்கும் இலைகளைத் தின்னும் நுண்ணுயிர்கள் என எல்லாமே இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். விடியலுக்குச் சற்று முன் அது மிகவும் குறைந்துவிடும். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். வெயில் காலத்தில் இன்னும் மோசம். 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு கூடக்கூட மீனின் தேவையோ ஏறும்.

காற்றிலிருந்து நீர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளாதா? எடுக்கும், மேற்பரப்பு வழியாக மட்டும். அதற்குப் பிறகு ஆக்சிஜன் அசையாத நீருக்குள் பரவுவது, காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. அருவி இந்தத் தடையை உடைக்கிறது. நீர் மெல்லிய ஏடாக விழும்போது காற்றைத் தொடும் பரப்பு பெருகும். விழுந்த இடத்தில் குமிழிகள் உள்ளே போகும். அடிநீரும் மேல்நீரும் கலக்கும். என்னைக் கேட்டால், ஒரே வீச்சில் விழும் உயரமான அருவியைவிட, கல்லுக்குக் கல் மோதிச் சிதறி இறங்கும் குட்டை அருவியே மேல்.

சரி, இரவும் பகலும் ஓடப்போகிறது என்றால் பம்பைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அருவியின் விளிம்பிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். நீர் அறுபடாமல் விழ, விளிம்பின் ஒவ்வொரு 2.5 செ.மீ. அகலத்துக்கும் மணிக்கு 400 முதல் 500 லிட்டர் வரை வேண்டும் என்பது நடைமுறை அளவு. 30 செ.மீ. அகலம் என்றால் 4,800 முதல் 6,000 லிட்டர். பம்பின் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் நீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. உயரம் ஏற ஏற அது குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சுழியாகிவிடும். ஆகவே உங்கள் அருவியின் உயரத்தில் எவ்வளவு வரும் என்று பம்போடு தரும் அட்டவணையில் பாருங்கள். குழாயில் சிக்கனம் வேண்டாம்: அதே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ளினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகும். மின்கட்டணம் அங்கேதான் ஏறும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் தோண்டுவதற்கு முன்பே யோசியுங்கள். ஓடையில் ஓடிக்கொண்டிருந்த நீரெல்லாம் கீழே இறங்கிவிடும். அதைத் தாங்கக் கீழ்க்குளத்தில் இடம் விட வேண்டும். அருவி தொடங்கும் மேல்தொட்டியில் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், அந்தத் தொட்டி நீரும் குழாய் வழியே திரும்பி வடியும். வாயை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தாலோ, திரும்பிவராமல் தடுக்கும் வால்வு போட்டாலோ போதும்.

பம்பை நிறுத்தக் கூடாததற்கு இன்னொரு காரணம் வடிகட்டியில் இருக்கிறது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே நஞ்சு. பம்பு தள்ளும் நீர் கடந்துபோகும் வடிகட்டிக்குள் வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். அப்புறம் வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்கும்; அவ்வளவு தீங்கில்லாதது, செடிகளுக்கு உணவும் கூட. ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டி இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டு வகைக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீரோட்டம் நின்று நெடுநேரமானால் வடிகட்டிக்குள் அவை மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும்.

புதுக் குளத்தில் இவை போதுமான அளவு பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை ஓரிரு மீன்கள் போதும், தீனியும் கொஞ்சமாகவே போடுங்கள். வடிகட்டியைக் குளத்து நீரிலேயே அலசுங்கள்; குளோரின் கலந்த குழாய்நீர் பட்டால் அந்த பாக்டீரியாக்கள் அழிந்து, பழையபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டியிருக்கும்.