ஸ்நோ செயின் டிக்கியில் இருந்தால் போதுமா?

குளிர்காலம் தொடங்கியதும் டயர் மாற்ற வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது: "மலைக்குப் போகிறோம், ஸ்நோ செயின் அவசியமா?" டயர் வேலையோடு, பனியில் சிக்கிய வண்டிகளை இழுத்து வரும் வேலையையும் பல வருடங்களாகச் செய்கிறேன். பனி விழும் உயரத்துக்குப் போகிறீர்கள் என்றால், வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் இந்த இரும்புச் சங்கிலி வண்டியில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் இருந்தும் பயன்படாமல் போன வண்டிகளைத்தான் நான் அதிகம் இழுத்திருக்கிறேன்.

ஒரு ராத்திரி, ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுக்குக் குறுக்கே ஒரு கார் நின்றிருந்தது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் போர்வைக்குள் சுருண்டிருந்தார்கள். அப்பா பனியில் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தில் செயினோடு போராடிக்கொண்டிருந்தார். பெட்டியின் பிளாஸ்டிக் உறையை அப்போதுதான் கிழித்திருந்தார். கையுறை இல்லை. விரல் மரத்துப்போய் கொக்கியைப் பிடிக்கவே முடியவில்லை. நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். எவ்வளவு இழுத்தும் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி. பெட்டியில் டயர் அளவு 175/65 ஆர்14 என்று போட்டிருந்தது. டயரில் 205/55 ஆர்16. பழைய காருக்கு வாங்கியதை அப்படியே புதுக் காருக்கு எடுத்து வந்திருக்கிறார். அந்த அளவைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். சில கார்களில் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. செயின் போட்டால் உள்ளே உரசும். போடலாமா, எந்தச் சக்கரத்தில், எவ்வளவு தடிமன் வரை என்பதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். போடக்கூடாது என்றிருந்தால் டயருக்கு மேல் மாட்டும் துணி உறைகளைப் பற்றி விசாரியுங்கள்.

"விண்டர் டயர் போட்டுவிட்டேன், அப்புறம் செயின் எதற்கு?" என்பார்கள். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். விண்டர் டயர் குளிரிலும் மென்மையாக இருக்கும், அதன் மெல்லிய கீறல்கள் பனியைப் பிடித்துக்கொள்ளும். மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ என்ற குறி அதில் இருக்க வேண்டும். எம்+எஸ் (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் போதாது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அதை விண்டர் டயராகவே ஏற்பதில்லை. குளிர்காலப் பயணத்தின் பெரும்பகுதிக்கு நல்ல விண்டர் டயர் போதும், மறுக்கவில்லை. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் பனி இறுகிக் கிடக்கும்போது ரப்பரால் முடியாததை, வண்டியின் எடையோடு அழுந்திக் கடிக்கும் இரும்பு செய்யும்.

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களின் நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நாலு சக்கரமும் இழுப்பதால் ஏறுவது சுலபம்தான். பிரேக் போடும்போதோ எல்லாக் காரிலும் நாலு சக்கரமும்தான் பிரேக் பிடிக்கிறது. அங்கே அவர்களுக்குச் சலுகை ஒன்றும் கிடையாது. கலிபோர்னியாவில் மலைச்சாலைக் கட்டுப்பாடு 'ஆர்2' நிலையில் இருந்தால், நாலு பனி டயரும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி செயின் போடாமல் போகலாம். ஆனால் செயின் வண்டிக்குள் இருக்க வேண்டும். 'ஆர்3' என்றால் யாருக்கும் விலக்கில்லை. பிரான்சிலும் 2021 முதல், குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நாலு விண்டர் டயர் வேண்டும், இல்லையென்றால் செயினாவது வண்டியில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வட்டமான நீலப் பலகையில் செயின் சுற்றிய சக்கரம் தெரிந்தால், அதற்கு மேல் செயின் மாட்டாமல் போகக்கூடாது.

மாட்ட வேண்டியது எஞ்சின் இழுக்கும் சக்கரங்களில்: முன்சக்கர இழுவை என்றால் முன்னால், பின்சக்கர இழுவை என்றால் பின்னால். முன்னால் மட்டும் போட்டு இறங்கும்போது கவனம் தேவை. பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பாரம் குறைந்த பின்பக்கம் வீசிக்கொண்டு திரும்பும். கியரைக் குறைத்து எஞ்சின் வேகத்திலேயே இறங்குங்கள், பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள்.

சக்கரம் வழுக்கிச் சுழன்ற பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்போது நீங்கள் ஏற்றத்தின் நடுவில், பின்னால் வரும் வண்டிக்கு நேரே முட்டி போட்டிருப்பீர்கள். மலை அடிவாரத்தில் சமதளமான, அகலமான இடத்திலேயே நிறுத்தி மாட்டுங்கள். சில நூறு மீட்டர் போனதும் மறுபடி இறங்கி இறுக்குங்கள். முதல் தடவை போட்டது நிச்சயம் தளர்ந்திருக்கும். பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, செயின் பெட்டியில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. தார் தெரிய ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள். வெறும் சாலையில் கண்ணி தேய்ந்து அறுந்தால் சக்கரத்தோடு சுழன்று அடிக்கும். பிரேக் குழாய் அப்படி அடிபட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

செயின் போட்டாலும் சில இடங்களை நம்பாதீர்கள். பாலத்தின் மேல், வெயில் படாத வளைவில் சாலை ஈரமாகத்தான் தெரியும், ஆனால் அது பனிக்கட்டிப் படலம். கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டி, மேலே லேசாக நீர் கசியும்போதுதான் அது மோசமாக வழுக்கும். சாலையை மூடிவிட்டார்கள் என்றால் செயின் இருக்கிறது என்று சுற்றுவழி தேடாமல் திரும்பிவிடுங்கள்.

அந்த ராத்திரிக்குப் பிறகு, செயின் வாங்க வருகிறவர்களை என் கண் முன்னாலேயே ஒரு தடவை மாட்டிக் கழற்றச் சொல்கிறேன், கையுறை போட்டுக்கொண்டே. முதல் தடவை அரை மணி நேரம்கூட ஆகும். இரண்டாவது தடவை பாதி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். செயின் பையிலேயே நீர் புகாத கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, முட்டிக்கு அடியில் போட ஒரு பழைய மிதியடி, ஒளிரும் மேலங்கி எல்லாம் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் செயினை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகு மடித்து வையுங்கள். சாலையில் தூவும் உப்பு அதில் ஒட்டியிருக்கும். அப்படியே கட்டி வைத்தால் அடுத்த குளிர்காலத்தில் கண்ணிகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்.