மீட்டாச்சு, சரி… அப்புறம்?

போன வாரம் குழந்தைத் தொழிலாளர்களுக்காக நன்கொடை கேட்டு எழுதிய இன்னொரு திட்ட முன்மொழிவு படிக்க வந்தது. போர் இன்னும் ஓயாத ஒரு நாடு, பதினெட்டு மாதக் காலம், முதல் இலக்கே ‘ஆயிரம் குழந்தைகளை வேலையிலிருந்து மீட்டல்’. இப்படி எத்தனை படித்துவிட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். மீட்ட மறுநாள் காலை அந்தப் பிள்ளை எங்கே இருக்கும், அது கொண்டுவந்த காசு நின்றுபோனால் வீட்டில் அடுப்புக்கு என்ன வழி என்று நாற்பது பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

மீட்பு என்ற சொல்லே நமக்குப் பெரிய கெடுதல் செய்கிறது. யாரோ பிள்ளையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், நாம் போய் அவிழ்த்துவிட்டால் அது நேராகப் பள்ளிக்கு ஓடிவிடும் என்று நினைக்கவைக்கிறது. அப்படிக் கட்டிப்போட்ட பிள்ளைகளும் உண்டு, கடத்தப்பட்டவர்கள், ஆயுதக் குழுக்கள் பிடித்துப்போனவர்கள். அங்கே விடுவிப்பதுதான் முதல் வேலை, அதில் பேச்சே இல்லை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் வேலை செய்வது சொந்தக் குடும்பத்தோடு, அதுவும் வயலில். உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2024ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கு சுமார் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள், அதில் 61 சதவீதம் விவசாயத்தில். வயலில் அம்மாவுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் பிள்ளையை யாரிடமிருந்து மீட்பீர்கள்? சுரங்கத்துப் படம் எடுப்பாக இருப்பதால் எல்லாத் திட்டமும் சுரங்கத்துக்கே போகிறது, அது வேறு கதை.

வேலையிலிருந்து வெளியே எடுத்தாலே போதும் என்பவர்கள் 1990களின் டாக்காவைக் கொஞ்சம் படியுங்கள். சிறுவர்கள் தைத்த துணியை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு மசோதா வந்ததுமே, அது சட்டமாகும் முன்பே, பயந்துபோன முதலாளிகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே அனுப்பினார்கள். பலர் பள்ளிக்குப் போகவில்லை, கல் உடைக்கப் போனார்கள், சிலர் அதைவிட மோசமான இடங்களுக்குப் போனார்கள். 1995இல் முதலாளிகள் சங்கமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் திருந்தியது. அங்கே பேச்சுவார்த்தைக்கு உட்காரத் தொழிற்சாலை இருந்தது, சங்கம் இருந்தது, அரசும் இருந்தது. நாம் நிவாரண வேலை செய்யும் போர் நாடுகளில் எதிர் நாற்காலியில் உட்காரவே ஆள் இருக்காது.

சட்டமா? நிறைய இருக்கிறது. குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களுக்கு எதிரான உலகத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கைக்கு, 2020 ஆகஸ்டில் கடைசியாக டோங்கா என்ற தீவு நாடும் சேர, அதன் 187 உறுப்பு நாடுகளும் ஒப்புதல் கொடுத்தாயிற்று. தொழிலாளர் ஆய்வாளருக்குப் போக வண்டி இல்லை, மாதக்கணக்கில் சம்பளமும் இல்லை என்றால் அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்ய?

அதனால் முதலில் காரணத்தைக் கேளுங்கள். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரிய அகதிக் குடும்பங்களில் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பியதற்கு ஒரு முக்கியமான காரணம் அப்பாவின் காகிதம். தங்கும் அனுமதி இல்லாத ஆண் சோதனைச் சாவடியில் மாட்டினால் கைது. பன்னிரண்டு வயதுப் பையனை அவ்வளவாக யாரும் நிறுத்த மாட்டார்கள். அங்கே போய் புத்தகப்பையும் பென்சிலும் கொடுத்து என்ன பயன், அப்பாவுக்குச் சட்ட உதவியல்லவா கொடுக்க வேண்டும்? கோங்கோ ஜனநாயகக் குடியரசிலோ பல காலம் ஆசிரியர் சம்பளத்தையே பெற்றோர் கட்டணமாகக் கொடுத்துவந்தார்கள், சுரங்கத்துக் கோபால்ட் தாதுவைக் கழுவிக் கட்டணம் கட்டிய பிள்ளைகள் உண்டு. அதாவது பள்ளிக்குப் போவதற்காகவே வேலை! 2019இல் தொடக்கக் கல்வி இலவசம் என்று அறிவித்ததும் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. ஆசிரியரும் பெஞ்சும் அதே வேகத்தில் வரவில்லை.

நம் வீட்டையும், அதாவது நிவாரண அமைப்புகளையும் பாருங்கள். நிவாரணத்துக்குக் கூலி வேலை கொடுக்கிறோம், பெயர்ப்பட்டியலில் அம்மா, மண் சுமப்பது மகள். பள்ளிக் கட்டடத்துக்கு வாங்கும் செங்கல்லை யார் அறுத்தார்கள் என்று எத்தனை ஒப்பந்தக்காரரிடம் கேட்டிருக்கிறீர்கள்? நானே பல வருடம் கேட்டதில்லை.

திட்டம் எழுதுகிறவர்களுக்கு: மீட்ட எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள், வைத்தால் களப்பணியாளர் எப்படியாவது அந்த எண்ணிக்கையைக் காட்டிவிடுவார், ஒரே பிள்ளையை இரண்டு முறைகூட எண்ணி. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளை எங்கே என்று போய்ப் பார்க்கப் பணம் ஒதுக்குங்கள். குடும்பத்துக்குக் கொடுக்கும் உதவித்தொகை வீட்டில் தானியம் தீரும் மாதங்களில் போய்ச் சேரட்டும், உங்கள் நிதியாண்டு முடியும்போது அல்ல. போலீசையோ ராணுவத்தையோ கூட்டிக்கொண்டு சோதனைக்குப் போகாதீர்கள், பிள்ளைகள் இன்னும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுவார்கள். வேலைக்கான குறைந்தபட்ச வயதைத் தாண்டிய பதினாறு, பதினேழு வயதுக்காரர்களைத் துரத்தாமல் ஆபத்தான வேலையிலிருந்து பிரித்து ஒரு தொழில் பழகவிடுங்கள். ஆயுதக் குழுவிலிருந்து திரும்பிய பையனுக்கு மட்டும் தையல் இயந்திரம் கொடுத்தால் போகாமல் வீட்டிலேயே இருந்த பக்கத்து வீட்டுப் பையன் என்ன நினைப்பான், யோசியுங்கள்.

நன்கொடை தருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று, கெஞ்சித்தான் கேட்கிறேன்: பதினெட்டு மாதத்தை ஐந்து வருடமாக்குங்கள், முடியாவிட்டால் மூன்று வருடமாவது. அந்த முன்மொழிவை ‘மறுநாள் காலை?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.