ஓட்டு அங்க, பிபி இங்க

2024 நவம்பர் 6, புதன்கிழமை. காலையில ஒரு 11 மணி இருக்கும், ஒரு ரிடையர்ட் ஹெட்மாஸ்டரை ஆட்டோக்காரர் கைத்தாங்கலா கிளினிக்குக்குள்ள கூட்டிட்டு வந்தார். பதினஞ்சு வருஷமா என்கிட்ட சுகருக்குப் பாக்குறவர், எப்பவும் இஸ்திரி போட்ட சட்டையோட நிமிர்ந்து வர்ற மனுஷன், அன்னிக்கு சட்டை பூரா வேர்த்து நனைஞ்சிருக்கு, கை நடுங்குது. "என்ன ஐயா பண்ணுது?"ன்னு கேட்டேன். "பென்சில்வேனியா இன்னும் வரல டாக்டர்"னார்.

நர்ஸ் விரல்ல குத்திப் பாத்தாங்க, சுகர் 54.

நடந்தது இதுதான். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்ல முதல் மாநிலங்கள்ல ஓட்டுப்பதிவு முடியறப்ப நமக்கு விடிகாலை நாலரை. இவர் அதுக்கு அலாரம் வச்சு எழுந்து டிவி முன்னாடி உக்காந்துட்டார். மூணு காபி, சர்க்கரை இல்லாம. ஏழரைக்கு பழக்கதோஷத்துல சுகர் மாத்திரையை மட்டும் போட்டுட்டார், இட்லி தட்டு அப்படியே ஆறிக் கிடக்குது, வீட்டம்மா ரெண்டு தடவை கூப்பிட்டும் "இந்த ஸ்டேட் முடியட்டும்"னு சொல்லியிருக்கார். அவர் போடறது கிளிமிபிரைடு. அது வயித்துல சோறு இருக்கா இல்லையான்னெல்லாம் பாக்காது, சுகரை இறக்கிக்கிட்டே போகும். மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிக்கக் கொடுத்தோம், கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா 92, அப்புறம் எதிர் ஓட்டல்ல இருந்து இட்லி வாங்கிட்டு வரச் சொல்லி உக்கார வச்சுச் சாப்பிட வச்சோம். (நினைவு இருந்ததால வாயில கொடுத்தோம். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-க்குப் போன் போடுங்க.)

தெளிஞ்சதும் பேச ஆரம்பிச்சார். பையன் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ்ல 11 வருஷமா இருக்கான், அங்க வேலை பாக்கறதுக்கான எச்1பி விசா. "அவன் யாருக்கு ஓட்டு போட்டான்னு கேட்டா மழுப்புறான் டாக்டர்"னார். ஐயா, எச்1பி-ல இருக்கறவங்களுக்கு அந்தத் தேர்தல்ல ஓட்டே கிடையாது, சிட்டிசனுக்குத்தான், நிரந்தரமா தங்க அனுமதிக்கற கிரீன் கார்டு வச்சிருக்கறவங்களுக்கே கிடையாதுன்னு சொன்னேன். அப்படியே என்னைப் பாத்தார். "11 வருஷமா வரி கட்டுறானே!"ன்னார். ஓட்டு இருந்திருந்தாலும் டெக்சாஸ் ஒரு இழுபறி மாநிலம் இல்ல, எண்ணாமலே ட்ரம்போட குடியரசுக் கட்சின்னு எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். அங்க நாடு பூரா விழுந்த ஓட்டை மொத்தமா கூட்டிப் பாக்குறதில்ல, மாநிலத்துக்கு இத்தனைன்னு மொத்தம் 538 எலக்டோரல் ஓட்டு, 270 தொட்டவர் ஜனாதிபதி. 2016-ல ஹிலாரி கிளிண்டன் 28 லட்சம் ஓட்டு கூட வாங்கியும் தோத்தாங்க. 2024-ல எல்லாரும் உத்துப் பாத்தது ஏழே ஏழு இழுபறி மாநிலத்தைத்தான், அதுல ஒண்ணுதான் ஐயாவோட பென்சில்வேனியா.

நம்ம பக்கம் இந்தத் தேர்தலைப் பாத்த விதமே தனி. மன்னார்குடி பக்கத்துல துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸோட தாத்தா பி.வி.கோபாலன் ஊரு, அங்க தர்மசாஸ்தா கோயில்ல அபிஷேகம், அன்னதானம், பிளெக்ஸ். அதே நேரத்துல ஆந்திராவுல வட்லூருன்னு ஒரு ஊர்ல ட்ரம்ப் கூட துணை ஜனாதிபதிக்கு நின்ன ஜே.டி.வான்ஸோட மனைவி உஷாவுக்காக வேண்டிக்கிட்டாங்க, அது அவங்க முன்னோர் ஊரு. ரெண்டு ஊர் சாமியும் அன்னிக்கு என்ன பாடுபட்டாங்களோ தெரியல. பாசம், பெருமை எல்லாம் சரி, நான் குறையா சொல்லல. ஆனா என் வெயிட்டிங் ஹால்ல உக்காந்திருந்த பெத்தவங்களுக்கு அது வெறும் பெருமை இல்ல, "யார் வந்தா என் புள்ள அங்க இருப்பான்"ங்கிற பயம், அதை யார்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லாம டிவியில தேடறாங்க.

அந்த பயத்துக்கு டிவியில பதில் கிடைக்காது. வருஷத்துக்குப் புது எச்1பி 65,000, அங்க மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கு இன்னொரு 20,000, இது காங்கிரஸ், அதாவது அமெரிக்காவோட பார்லிமென்ட், போட்ட சட்டம். கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு இருக்கற வரம்பும் அப்படித்தான். 2024 நவம்பர்ல ஈபி2-ங்கிற, மேல்படிப்பு படிச்சவங்களுக்கான கிரீன் கார்டு வரிசையில இந்தியர்களுக்கு 2012-ல விண்ணப்பிச்சவங்களோட முறைதான் நடந்துட்டிருந்துச்சு, நடுவுல ஒபாமா, ட்ரம்ப், பைடன்னு மூணு பேர் வந்தாச்சு, வரிசை பெருசா நகரல. ஜெயிச்சது கமலாவா இருந்தாலும் ஹெட்மாஸ்டர் பையன் அதே வரிசையிலதான் நின்னிருப்பான். சாயங்காலம் நாலு மணிக்கு ட்ரம்ப் ஜெயிச்சதா அறிவிச்சாங்க, கடைசிக் கணக்கு 312-க்கு 226.

அதுக்காக யார் வந்தாலும் ஒண்ணுதான்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொன்னா அது பொய். 2025 செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை, எச்1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு ட்ரம்ப் கையெழுத்துப் போட்டார், 21-ல இருந்து அமல். மறுநாள் சனிக்கிழமை காலையில ஒரு அம்மா வந்தாங்க, பொண்ணு ஒரு கல்யாணத்துக்காக லீவுல வந்திருக்கா, ராத்திரி பூரா வாட்ஸ்அப், "உடனே வரலேன்னா உள்ள விடமாட்டாங்க"ன்னு பார்வர்டு மேல பார்வர்டு, சொந்தக்காரங்க போன், விடியறதுக்குள்ள மூணு மடங்கு விலைக்கு டிக்கெட் போட்டாச்சு. பிபி 180/100. மருந்தைக் கூட்டல, இருபது நிமிஷம் ஃபேனுக்கு அடியில சாய்ஞ்சு உக்காரச் சொல்லிட்டுத் திரும்பப் பாத்தேன், 150/90. தூங்காம பதறிப்போய் வந்தவங்களுக்கு எடுத்த ஒரே ரீடிங்கை வச்சு மாத்திரையை மாத்தக்கூடாது, வீட்டுல ஒரு வாரம் குறிச்சுட்டு வாங்கன்னு அனுப்பினேன். அன்னிக்கே வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்துச்சு, புது விண்ணப்பத்துக்குத்தான், ஏற்கனவே விசா இருக்கறவங்களுக்கும் புதுப்பிக்கறவங்களுக்கும் இல்லைன்னு. ஆனா பொண்ணு அதுக்குள்ள ஏர்போர்ட் போயிட்டா, கல்யாணத்தையும் பாக்கல.

அதனால நான் இப்பல்லாம் பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கற பெத்தவங்ககிட்ட சுகர் நோட்டோட பின்பக்கத்துல நாலு விஷயம் எழுதிட்டு வரச் சொல்றேன்: பையனோட விசா என்ன வகை, எப்ப முடியுது, கிரீன் கார்டுக்குப் போட்டாச்சா, எந்த வருஷம். சிரிப்பீங்க, பத்துல எட்டு பேருக்கு எச்1பி-ன்னு சொல்றதுக்கு மேல ஒண்ணும் தெரியல, ஆனா ஜார்ஜியா மாநிலத்துக்கு எத்தனை எலக்டோரல் ஓட்டுன்னு கேட்டா டக்குனு 16-ன்னு சொல்றாங்க. பிள்ளைங்களும் "அப்பாவுக்கு எதுக்கு டென்ஷன்"னு மறைச்சுடுறாங்க, அப்பா அந்த டென்ஷனை நியூஸ் சேனல்ல மொத்த விலைக்கு வாங்கிக்கிறார்.

ஹெட்மாஸ்டர் போன மாசம் செக்கப்புக்கு வந்தார். நோட்டைத் திருப்பிக் காட்டினார், ஈபி2, 2017, அழகான கையெழுத்துல. கீழ வேற மையில "3-11-2026 இடைத்தேர்தல்"னு ஒரு வரி. அதென்ன ஐயான்னு கேட்டேன்.

"சட்டத்தை மாத்தறது காங்கிரஸ்தான்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்? அன்னிக்கு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் டிவி போடுவேன்"னார்.

இடைத்தேர்தல் இல்ல ஐயா, ஜனாதிபதி பதவிக்காலத்துக்கு நடுவுல காங்கிரஸுக்கு நடக்கற இடைக்காலத் தேர்தல்னு திருத்தினேன். ஹெட்மாஸ்டரையே திருத்திட்டோமேன்னு எனக்கு ஒரு சந்தோஷம்.